கப்பலையே டின்னாக்கியவர்

கேள்வி: எண்ணெய் விற்கும் ஷெல் கம்பெனிக்குக் கடல் சிப்பி எப்படிச் சின்னமாயிற்று?

பதில்: எல்லாம் அப்பாவின் தொழிலால். ஷெல்லைத் தொடங்கிய மார்க்கஸ் சாமுவேலின் தந்தை, கிளிஞ்சல் ஒட்டிய அலங்காரப் பெட்டிகளை லண்டனில் விற்றவர். மகன் பிடித்துக்கொண்டது மண்ணெண்ணெயை. அப்போது ஆசியச் சந்தையில் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கொடிகட்டிப் பறந்தது. அவர்கள் எண்ணெயைத் தகர டின்களில் அடைத்து, மரப்பெட்டிகளில் வைத்துக் கப்பலேற்றினார்கள். சாமுவேலோ கப்பலையே டின்னாக்கிவிட்டார்! 1892-இல் அவருடைய ‘முரெக்ஸ்’ கருங்கடலோரப் பாத்தூமியில் ரஷ்ய மண்ணெண்ணெயை நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாய் வழியே கிழக்கே வந்தது. அக்கால்வாயைக் கடந்த முதல் எண்ணெய்க் கப்பல் அதுதான். (முரெக்ஸ் என்பதும் ஒரு கடற்சங்கின் பெயரே.)

ஆனால் ஒரு கணக்கு தப்பிற்று. ஜனங்கள் பாத்திரம் கொண்டுவந்து வாங்குவார்கள் என்று நினைத்தார். அவர்களுக்கோ எண்ணெயோடு டின்னும் வேண்டும். கூரை வேயலாம், தண்ணீர் மொள்ளலாம். வேறு வழியில்லாமல் தகரம் அனுப்பி, அந்தந்த ஊரிலேயே டின் செய்யவைத்தார். ஸ்டாண்டர்டின் டின் நீலம். இவருடையது பளிச்சென்ற சிவப்பு.

ஷெல் (சிப்பி) என்ற பெயரில் கம்பெனி பிறந்தது 1897-இல். ராயல் டச்சு எண்ணெய்க் கம்பெனியுடன் கைகோத்தது 1907-இல்.