வீட்டு வளவு மாமரங்களைப் பீடைகளினின்றும் காத்தல்

குளிர்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் அப்பிள் மரம் பெறும் இடத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாமரம் பெற்றுள்ளது. கறுத்தக்கொழும்பான் நிற்கும் வளவுகள் பல. ஆயினும், பூத்துக் குலுங்கிய மரம் காயின்றி நிற்பதும், பழுத்ததை அறுத்தால் உள்ளே புழு நெளிவதும் பலர் கண்டவையே. இவ்விரண்டிற்கும் காரணம் வெவ்வேறு, பரிகாரமும் வெவ்வேறு.

பூ உதிர்வதற்குப் பெரும்பாலும் தத்துப்பூச்சியே காரணம். ஆப்பு வடிவான இச்சிறு பூச்சிகள் பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவுநீரை இலைகளிற் சொரிகின்றன. அதன்மேற் கரும்பூஞ்சணம் புகைக்கரி போலப் படர்கின்றது. அடர்ந்த நிழலும் ஈரமும் இவற்றிற்கு உகந்தவை. ஆகவே, அறுவடை முடிந்தவுடன் நெருக்கமான உட்கிளைகளை வெட்டி, வெயிலும் காற்றும் புகவிடுதல் வேண்டும். பட்ட சுள்ளிகளை எரித்துவிடின், பூவையும் பழத்தையும் கருக்கும் அந்திரக்னோசு நோயின் வித்திகளும் குறையும்.

பழ ஈயே இவையனைத்திலும் கொடியது. பெண் ஈ முற்றிவரும் காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். புழு சதையைத் தின்று வளர்ந்தபின் மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து ஈயாக வெளிவந்து மீண்டும் பழத்தை நாடும். விழுந்த பழங்களை மரத்தடியில் விட்டுவைப்பவர் ஈ வளர்ப்பவரேயாவர். எருக்குப்பையில் மேலாக எறிவதாலும் பயனில்லை. நாள்தோறும் பொறுக்கி இரண்டடி ஆழத்திற் புதைத்தல் வேண்டும். பாறை மேலோங்கிய வளவுகளிற் குழி வெட்டுதல் கடினமாகையால், கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் கடும் வெயிலில் வைக்கலாம். கைக்கெட்டும் காய்களுக்குக் கோழிமுட்டையளவு பருத்ததும் கடதாசிப் பை கட்டுதல் நன்று.

மெதைல் யூஜினோல் பொறி ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கும். 1960களிற் பசிபிக் சமுத்திரத்து ரோட்டாத் தீவில், இப்பொருளும் நஞ்சும் ஊட்டிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுவதும் தூவியே இவ்வீயை ஒழித்தனர். ஒரு வளவில் மட்டும் பொறி தொங்குமாயின் அத்தகைய பயன் கிட்டாது. கிடுகுவேலி ஈயைத் தடுப்பதில்லை. ஒழுங்கையிலுள்ளோர் யாவரும் ஒரே காலத்திற் செய்தல் வேண்டும்.

பூச்சிகொல்லியை இறுதியாகவே நாடவேண்டும். உயர்ந்த மரத்திற்குக் கீழிருந்து தெளிக்கும் மருந்தில் ஒரு பகுதி நிலத்திலேயே வீழும். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலமோ நீரை விரைவில் உட்புகவிடும்; குடிநீர்க் கிணறும் அதே வளவிலேயே உள்ளது. மேலும், பூ விரிந்த வேளையிற் தெளித்தால் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீக்களும் பிற ஈக்களும் மடியும். தவிர்க்க இயலாதவிடத்து, விவசாயப் போதனாசிரியர் குறித்த மருந்தையே, குறித்த அளவில், பூ விரியுமுன் தெளித்தல் வேண்டும். மருந்து கலக்குமிடமும் தெளிகருவி கழுவுமிடமும் கிணற்றடியாக இருத்தலாகாது.