வாங்கக் கூடாத பழம்பொருள்

பழைய பொருள்களை வாங்கிச் செப்பம் செய்து விற்பது நல்லதொரு தொழில். மைசூருவிலும் அத்தகைய கடைகள் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கு மங்கியிருந்தால் புளியிட்டுத் துலக்கலாம். நாற்காலியின் கால் ஆடினால் ஆணி அறைந்து சீராக்கலாம். இவற்றின் குறை கண்ணுக்குத் தெரியும், களையவும் முடியும்.

தலைக்கவசம் அத்தகையதன்று. உள்ளேயுள்ள கெட்டியான தெர்மாகோல் அடுக்கு, மோதலின் வேகத்தைத் தாங்கி நசுங்கிவிடும். மீண்டும் பழைய நிலையை அடையாது. வெளி ஓடு பளபளப்பாக இருந்தால் அக்குறை தெரியாது. அடுத்த விபத்தில் அக்கவசம் தலையைக் காக்கத் தவறலாம். எனவே, மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்காது விடுவதே அறம். பிறர் பொருளையும் தம்முடையது போலக் கருதுவதே வணிகம் என்கிறது 120ஆம் குறள்.

வினா: பழைய மிதிவண்டியை வாங்கி விற்கலாம், பழைய தலைக்கவசத்தை விற்கலாகாது. ஏன்?