கட்டற்ற மென்பொருள்களும் நம் அன்றாடப் பயனும்

கணிப்பொறியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் மாணவரிடையே ‘இலவசம்’ என்னும் சொல் விரைவில் வந்து விழுகிறது. விலை கொடாமல் கிடைத்தால் இலவசம்; அவ்வளவே பொருள். ஆனால் விலையின்மை வேறு, உரிமை வேறு. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லாதலின் அம்மொழியார் நெடுங்காலமாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கின்றனர். நமக்கு அத்தொல்லை இல்லை. விலையற்றதை இலவசம் என்கிறோம். உரிமையுடையதைக் கட்டற்றது என்கிறோம். இக்கட்டுரையில் நான் கூறப்போவது கட்டற்ற மென்பொருள்களைப் பற்றியே.

ஒரு மென்பொருள் கட்டற்றதாக இருக்க நான்கு உரிமைகள் வேண்டும். எந்த நோக்கத்திற்கும் அதனை இயக்கலாம், அதன் மூலநிரலைப் படித்து மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம், மாற்றியமைத்ததையும் பரப்பலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983இல் குனு என்ற திட்டத்தை அறிவித்து இக்கொள்கைக்கு வித்திட்டார். 1989இல் வெளிவந்த குனு பொது உரிமம், “நான் பெற்ற உரிமையை என்னிடமிருந்து பெறுவோர்க்கும் நான் அளித்தாக வேண்டும்” என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். குனுவும் அக்கருவும் சேர்ந்ததே நாம் சுருக்கமாக லினக்ஸ் என வழங்கும் இயங்குதளம்.

இவ்வளவும் எங்கோ நடந்தவை. எங்கள் தேவிகுளத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதன் நியாய அநியாயங்களை ஆராய இஃது இடமன்று. தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் அன்றும் தமிழ், இன்றும் தமிழ். எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழ்வழிப் பள்ளியில் கேரள அரசின் பாடத்திட்டத்தைப் படிக்கின்றனர். அவ்வரசு 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிகள் லினக்ஸுக்கு மாறின. 2017இல் அத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. அது பள்ளிகளுக்கென வெளியிடும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. பாடநூலும் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் வருகிறது.

ஆகவே, கொழுந்து பறிக்கும் தாயின் மகனாகிய நான் முதன்முதல் தொட்ட கணிப்பொறியில் இருந்தது லினக்ஸ்தான். வீட்டில் கணிப்பொறி இல்லை. இப்பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரே விண்டோஸ் என்பதை அருகிலிருந்து கண்டேன். “லினக்ஸ் கடினமாயிற்றே, அதை எப்படிப் பழகினாய்?” என்று விடுதித் தோழர்கள் வியந்தபோது எனக்கு அவர்கள் வியப்பே வியப்பாக இருந்தது. முதலில் எதைப் பழகுகிறோமோ அதுவே எளிது.

2019இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று கைட் கூறியது. ஒரு பொறிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது கணக்கு. எனக்கு இக்கணக்கில் முழு உடன்பாடு இல்லை. அத்தனை மென்பொருளையும் விலைகொடுத்து எந்தப் பள்ளிதான் வாங்கியிருக்கும்? வாங்காமலே விட்டிருக்கும், அல்லது திருட்டுப் படியை ஏற்றியிருக்கும். உண்மையான இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. ஆசிரியர் தம் பள்ளியிலுள்ள அதே இயங்குதளத்தைப் படியெடுத்து மாணவர்க்குக் கொடுக்கலாம், அது குற்றமாகாது. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு பழைய பொறி கிடைத்தால், பள்ளியில் கற்றது அப்படியே வீட்டிலும் இருக்கும்.

இனி அன்றாடப் பயனுக்கு வருவோம்.

நம்மில் பலருக்குக் கணிப்பொறி என்றால் ஒப்படைப்பும் ஆய்வேடும் எழுதும் கருவி. அதற்கு லிப்ரே ஆபிஸ் போதும். 2000ஆம் ஆண்டில் மூலநிரல் வெளியிடப்பெற்ற ஓப்பன் ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்தது இது. எழுதுவதற்கு ரைட்டர், கணக்குக்குக் கால்க், மேடையில் காட்டுவதற்கு இம்பிரெஸ். ரைட்டரில் தமிழ் எழுதுவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். பத்தியின் பாணியை அமைக்கும்போது ஆங்கில எழுத்துக்கு ஓர் எழுத்துருவும், ‘சிக்கலான எழுத்தமைப்பு’ என்ற பிரிவில் தமிழுக்கு ஓர் எழுத்துருவும் தனித்தனியே குறிக்க வேண்டும். இது தெரியாமல், “அளவை மாற்றினாலும் தமிழ் மாறவில்லை” என்று முறையிடுவோர் பலர். நம் மொழியைச் சிக்கலானது என்கிறார்களே என்று சினம் வரலாம். 247 எழுத்துகளையும் நம் குழந்தைகள் ஆரம்பப் பள்ளியில் கற்றுவிடுகின்றன! ஆனால் ‘கொ’ என்னும் எழுத்தில் ஒகரக் குறி மெய்க்கு முன்னும் பின்னும் நிற்கிறதன்றோ? கணிப்பொறி அதனைக் ககரத்துக்குப் பின்வரும் ஒரே குறியாகச் சேமித்து வைத்து, திரையில் காட்டும்போது இருபுறமும் பிரித்து வைக்கிறது. அவ்வேலையைத்தான் சிக்கல் என்றனர்.

தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் ‘தலைப்பு 1’, ‘தலைப்பு 2’ என்ற பாணிகளில் அமைத்தால், பொருளடக்கத்தை ரைட்டர் தானே ஆக்கித் தரும். ஆய்வேடு எழுதுவோர்க்கு இஃதொன்றே பல இரவுகளை மிச்சமாக்கும். குறையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதிய கோப்பை இதில் திறந்தால் அட்டவணைகளும் பக்க எல்லைகளும் சில வேளை குலைகின்றன. ஆதலின் பேராசிரியர்க்கு அனுப்பும் இறுதிப் படியைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புதல் நலம்.

படம் திருத்த கிம்ப்; காணொலி பார்க்க வி.எல்.சி. இவ்விரண்டையும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் இவற்றின் பிறப்பு நம் போன்றோர் அறியத்தக்கது. கிம்ப், 1990களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற இரு மாணவர் ஆக்கியது. வி.எல்.சி., பாரிசு நகரின் எக்கோல் சென்ட்ரல் என்னும் கல்லூரி மாணவர் தம் விடுதி வலையமைப்பில் காணொலி பார்க்க 1996இல் தொடங்கிய திட்டத்தின் விளைவு. 2001இல் அது குனு உரிமத்தில் வெளிவந்தது. லினக்ஸின் கருவை எழுதியவரும் மாணவரே என்று முன்பே கூறினேன். விடுதியில் படம் பார்க்கும் ஆசையில் நாம் பாரிசு மாணவர்க்குச் சற்றும் குறைந்தவர்களல்லோம்!

தமிழ்த் தட்டச்சே நான் விரிவாகச் சொல்ல விரும்பும் பகுதி. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் இருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்ற பின்னரும் அப்பழைய எழுத்துருக்கள் அச்சகங்களில் வாழ்கின்றன. சென்ற ஆண்டு ஓர் அச்சகத்தார் எங்கள் அழைப்பிதழை ஒருங்குறியில் வாங்க மறுத்து, பழைய எழுத்துருவில் திரும்பத் தட்டச்சிடச் சொன்னார். இரண்டு பக்கத்திற்கு ஒரு மாலை வீணாயிற்று. இருபது ஆண்டு மலர்கள் இப்படிப்பட்ட கோப்புகளில் கிடந்தால் அவற்றை நாளை யார் படிப்பார்? தேடினால் ஒரு சொல்லாவது அகப்படுமா?

விசைப்பலகைகளுள் நான் பரிந்துரைப்பது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலன வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளே போதும். ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வரும். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ. மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானே விழும். இன எழுத்து என்று நாம் இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தது விசைப்பலகையில் விரல்களுக்கு ஓய்வு தருகிறது. லினக்ஸில் ‘ஐபஸ்’ என்னும் உள்ளீட்டுக் கருவியோடு ‘எம்17என்’ தொகுதியைச் சேர்த்தால் இம்முறை கிடைக்கும்.

எல்லைப்புறத்து மாணவர்க்கு மட்டும் வேறொன்று சொல்வேன். கேரளப் பள்ளிகளில் மலையாளத்தை இன்ஸ்கிரிப்ட் முறையில் கற்பிக்கின்றனர். இந்திய மொழிகளுக்குப் பொதுவான முறை அது. மலையாளக் ககரம் எந்த விசையோ அதுவே தமிழ்க் ககரம். ஆகவே தேவிகுளத்துப் பிள்ளை ஒன்றைக் கற்றால் இரண்டும் கைவரும். அப்பிள்ளையைத் தமிழ்99க்கு மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்துருவிலும் இத்தகைய உறவு ஒன்று உண்டு. ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் மலையாளத் தன்னார்வலர் குழு ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவை வடிவமைத்துக் கட்டற்றதாக வெளியிட்டுள்ளது. எல்லைச் சண்டையில் ஈடுபட்ட தலைமுறையினர் இதனைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

அச்சு நூலின் பக்கத்தைப் படமெடுத்து அதிலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்க ‘டெசராக்ட்’ உதவுகிறது. எச்.பி. நிறுவனத்தில் பிறந்து 2005இல் மூலநிரல் வெளியிடப்பெற்ற இது தமிழும் அறியும். தெளிவான அச்சாயின் நன்கு படிக்கிறது. மங்கிய பழைய அச்சில் ஒத்த வடிவுடைய எழுத்துகளை மாற்றிவிடுகிறது. பிழை பார்த்தல் நம் கடன்.

திருட்டுப் படிகளைப் பற்றி ஒரு சொல். விடுதியில் கைமாறும் உடைத்த மென்பொருள்களோடு நச்சுநிரல்களும் வருகின்றன. ஓராண்டு உழைப்பைத் தாங்கிய ஒரே கோப்பு அதனால் அழிந்த தோழரை நான் அறிவேன். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய பொறிகள் பலவற்றில் அதன் அடுத்த பதிப்பு ஏறாது. வேறு பொறி வாங்க இயலாதவர் என்ன செய்வது? அத்தகையோர் ‘லினக்ஸ் மின்ட்’ இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ வகையை முயன்று பார்க்கலாம். 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் நன்கு ஓடும், 2 ஜி.பி. இருந்தால் சற்றுப் பொறுமையும் வேண்டும்.

முயல்வதற்கு உள்ளதை அழிக்க வேண்டுவதில்லை. 8 ஜி.பி. அளவுள்ள ஒரு பென் டிரைவில் இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்தே பொறியை இயக்கலாம். ஒலி வருகிறதா, வலையமைப்பு கிடைக்கிறதா, விடுதியின் அச்சுப்பொறி ஏற்கிறதா என்று ஒரு நாள் பார்த்த பின் நிறுவலாம். நிறுவும் நாளில் மட்டும் உங்கள் கோப்புகளை வேறோர் இடத்தில் கட்டாயம் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலைகளில் நான் மன்ற அறையில் இருப்பேன். பென் டிரைவோடு வருவோர்க்கு ஏற்றித் தருகிறேன். வெறுங்கையோடு வருவோர்க்குத் தமிழ்99 கற்றுத் தருகிறேன்.