பழைய கம்ப்யூட்டர் எங்கே போகிறது?

புதிய கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்ததும் பழையது பரண் மேல் ஏறிவிடும். ஓரிரு வருடம் தூசி படிந்து கிடக்கும். பிறகு ஒரு நாள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவோம். அதன் பிறகு அது எங்கே போகிறது? நான் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறேன். புது சாப்ட்வேர் வரும்போதெல்லாம் நல்ல மெஷின்கள் மூலைக்குப் போவதைப் பார்த்துவருவதால், இந்தக் கேள்விக்கு விடை தேடினேன். கிடைத்ததைப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இங்கே சொல்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

மதர்போர்டில் செம்பு இருக்கிறது. ராம், கார்டு ஆகியவற்றின் பளபளக்கும் முனைகளில் மெல்லிய தங்கப் பூச்சு இருக்கிறது. பழைய டிவி போன்ற குண்டு மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய போர்டுகளின் பற்றவைப்பிலும் (சால்டரிங்) ஈயம் உண்டு.

முறையான ஆலையில் இவற்றை இயந்திரத்தால் பிரித்து உலோகங்களைத் தனித்தனியே எடுக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஹோபோகெனில் உள்ள யூமிகோர் ஆலை, போர்டுகளை உருக்கித் தங்கம், வெள்ளி, பல்லேடியம், செம்பு ஆகியவற்றை மீட்கிறது. இந்தியாவிலிருந்தும் அங்கே போர்டுகள் சென்றிருக்கின்றன. முறையற்ற இடத்தில் செம்புக்காக ஒயரைத் திறந்த வெளியில் எரிப்பார்கள். தங்கத்துக்காக போர்டை ஆசிட்டில் முக்குவார்கள். புகை அதைச் செய்பவரின் நுரையீரலுக்கும், மிச்ச ஆசிட் நிலத்தடி நீருக்கும் போகும்.

ஒரே மாவட்டத்தில் இரண்டு முனைகள்

திருவள்ளூர் மாவட்ட வரைபடத்தைப் பாருங்கள். கடலோரம் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளி துறைமுகமும் இருக்கின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் ஆலைகள், ஆபத்தான தொழிற்கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் எல்லாம் அங்கே உண்டு. உலகத்தின் பழைய பொருள் வந்து இறங்கும் வாசலும், பழையதைப் புதியதாக்கும் பட்டறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

வாங்கி, பயன்படுத்தி, வீசாமல் மறுபடியும் உற்பத்திக்கே திருப்பிவிடுவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். அது நன்றாக நடந்தால் கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களுக்கு வேலை கிடைக்கும். மோசமாக நடந்தால் அங்குள்ள மண்ணும் காற்றும் கெடும். எது நடக்கும் என்பதை அந்த ஊர் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் தேவைப்படுகிறது.

பேசல் ஒப்பந்தம்

1989-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஏற்கப்பட்ட இந்த ஒப்பந்தம் 1992-ல் அமலுக்கு வந்தது. இந்தியா அதே ஆண்டில் இணைந்தது. விதி எளிமையானது. ஆபத்தான கழிவை அனுப்பும் நாடு முதலில் பெறும் நாட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டும். எழுத்து மூலம் சம்மதம் வந்த பிறகே கப்பல் கிளம்ப வேண்டும்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. "இது ஆபத்தில்லாத ஈ-வேஸ்ட்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். 2022-ல் செய்யப்பட்ட திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது ஆபத்தானதோ இல்லையோ, எல்லா ஈ-வேஸ்டுக்கும் முன் சம்மதம் வேண்டும். ஆனாலும் "இது கழிவே இல்லை, பயன்படுத்திய பொருள்" என்று பெயர் மாற்றி அனுப்பும் தந்திரம் மிச்சமிருக்கிறது. தவிர, அமெரிக்கா 1990-ல் கையெழுத்திட்டதோடு சரி. ஒப்பந்தத்தை முறைப்படி ஏற்கவில்லை.

கூட்டு முயற்சியால் பலன் உண்டா என்று கேட்கலாம். உங்கள் புதிய மதர்போர்டே சாட்சி. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய யூனியன் கம்ப்யூட்டர்களில் ஈயத்தை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவுக்கு விற்க வேண்டிய ஆசியத் தொழிற்சாலைகள், ஈயம் இல்லாத சால்டருக்கு மாறின. 2014 முதல் இந்தியாவிலும் அதே கட்டுப்பாடு வந்தது. எங்கோ போட்ட சட்டம் இங்கே போர்டைப் பிரிப்பவரின் உடம்பைக் காக்கிறது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஜி-20 சுற்றுச்சூழல் அமைச்சர்கள் 2023 ஜூலையில் இங்கே கூடியபோது, 11 நாடுகளைச் சேர்ந்த 39 நிறுவனங்கள் சுழற்சிப் பொருளாதாரத்துக்காக ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. இரும்பு, எலக்ட்ரானிக்ஸ் துறைகளும் அதில் அடக்கம்.

அறுந்துபோகும் இடம்

2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள இந்திய விதிப்படி, கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி தன் பங்குக்கு உரிய ஈ-வேஸ்ட் மறுசுழற்சியானதைக் காட்ட வேண்டும். 2025-26, 2026-27-க்கு இலக்கு 70 சதவீதம். அதன் பிறகு 80. பதிவு பெற்ற ஆலை தரும் சான்றிதழே இதற்குக் கணக்கு.

ஆனால் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைப்படி, 2022-ல் உலகில் உருவான 6.2 கோடி டன் ஈ-வேஸ்டில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். துறைமுகத்தில் சட்டம் நிற்கிறது. பரணிலிருந்து எடைக்கடைக்குப் போகும் தெருவில் யாரும் நிற்பதில்லை. சங்கிலி அறுவது அங்கேதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அவசரமாகத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் பல மெஷின்கள் ஓரம் கட்டப்படுகின்றன. ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, கொஞ்சம் ராம் சேர்த்து, லினக்ஸ் மின்ட் நிறுவினால் குழந்தைகளின் படிப்புக்கு இன்னும் சில வருடம் ஓடும்.

2. கொடுப்பதற்கு முன் பைல்களை அழியுங்கள். டெலீட் செய்வது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போல. பக்கங்கள் அப்படியே இருக்கும். வேண்டியவற்றை பேக்கப் எடுத்த பிறகு, விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, ரீசெட் பிசி என்று சென்று "ரிமூவ் எவ்ரிதிங்" தேர்ந்தெடுங்கள். அடுத்து "சேஞ்ச் செட்டிங்ஸ்" க்ளிக் செய்து "க்ளீன் டேட்டா" என்பதை ஆன் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகலாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

3. லேப்டாப் பேட்டரியைக் குத்தவோ, குப்பைத் தொட்டியில் போடவோ வேண்டாம். தீப்பிடிக்கும்.

4. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, கம்பெனியின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பட்டியல் கிடைக்கும். ரசீது கேட்டு வாங்குங்கள்.

எடைக்கடையில் சில நூறு ரூபாய் கூடக் கிடைக்கலாம். அந்த லாபத்துக்கான விலையை, கையுறைகூட இல்லாமல் போர்டை ஆசிட்டில் முக்கும் ஒருவர் கொடுக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.