கிண்ணத்தை எப்போது எடுப்பது?

நம் தேன்சிட்டைச் சுட்டி 'ஹம்மிங் பறவை' என்பார் உளர். விலங்கியல் பயிலும் எனக்கு அது பொருந்தாத பெயர். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வன. அங்குள்ளோர் தோட்டத்தில் சர்க்கரை நீர்க் கிண்ணம் தொங்கவிட்டு அவற்றை விருந்தோம்புவர்.

வட அமெரிக்காவின் கிழக்கே வாழும் செங்கழுத்து இனத்தின் எடை சுமார் 3 கிராம். இலையுதிர் காலத்தில் அது மத்திய அமெரிக்கா நோக்கிப் புறப்படுகிறது. பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை, ஏறத்தாழ 800 கிலோமீட்டர், இடைநில்லாது கடக்கின்றன. நடுக்கடலில் பூவேது, தேனேது? ஆகவே புறப்படுமுன் உண்டு கொழுத்து, எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக் கொள்கின்றன.

"கிண்ணம் இருந்தால் பறவை பயணத்தை மறந்து குளிரில் மடியாதோ?" என்று சிலர் அஞ்சி, அதனை முன்னரே அகற்றிவிடுகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. பறவையைப் பயணத்துக்குத் தூண்டுவது பகற்பொழுது குறைதலே; உணவுக் குறைவு அன்று. வளர்ந்த ஆண் பறவைகள் முதலில் செல்லும். அவ்வாண்டுக் குஞ்சுகளோ பிந்தி, வழிகாட்டும் தாயின்றித் தனியே செல்லும். கிண்ணத்தை அகற்றினால் பசிப்பவை இவையே. கடைசிப் பறவையைக் கண்டபின்னும் இரு வாரம் விட்டு வைத்தல் நன்று.

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு நீர், அவ்வளவே. சாயம் வேண்டா, தேனும் வேண்டா, தேன்நீரில் பூஞ்சை விரைந்து வளரும். வெயில் நாளில் இரண்டு நாளுக்கொரு முறை கழுவி மாற்றுதல் வேண்டும்.

கிண்ணம் தொங்கவிடும் அன்பு மட்டும் போதாது. அதனை எடுக்கும் நாளையும் அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?