பேசும் வில்லை

கடலூர் மாவட்டத்திலுள்ள வடலூர், இராமலிங்க அடிகளாரின் பெயரோடு இணைந்து விளங்கும் ஊராகும். பசித்தவர்க்கு உணவளிக்கும் பொருட்டு அடிகளார் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அங்குத் தருமசாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருகின்றது. அவ்வடுப்புத் தானே எரிவதன்று. நாள்தோறும் அதனைப் பேணும் கைகள் உள்ளமையால் எரிகின்றது. இக்காலத்து இல்லங்களில் புகுந்துள்ள சிறு கருவி ஒன்றும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.

அக்கருவி, என்.எஃப்.சி. ஸ்டிக்கர் எனப்படும் ஒட்டுவில்லையாகும். 'அண்மைப் புலத் தொடர்பு' என்பது அப்பெயரின் பொருள். வில்லை நாணயத்தின் அளவினது. தாளைப் போல மெல்லியது. அதனுள் உலோகச் சுருள் ஒன்றும், கடுகினும் சிறிய சில்லு ஒன்றும் அமைந்துள்ளன. மின்கலம் இல்லை. ஆயினும் கைப்பேசியை அதனருகே கொண்டு சென்றவுடன், தன்னுள் எழுதப்பட்ட செய்தியை அது தெரிவித்துவிடுகின்றது. மின்கலம் இல்லாத பொருளுக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை, 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவத்தில் உள்ளது. காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்குமிடத்தில் கம்பிச்சுருளை வைத்தால், அச்சுருளில் மின்சாரம் தோன்றும். கைப்பேசியிலும் ஒரு சுருள் உண்டு. அது நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. அப்புலம் வில்லையின் சுருளில் சிறிது மின்சாரத்தைத் தோற்றுவிக்க, சில்லு விழித்துக்கொள்கின்றது. இந்த உறவு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தொலைவுக்குள்ளேயே நன்கு நடைபெறும். கைப்பேசி விலகியதும் சில்லு மீண்டும் உறங்கிவிடும்.

சோனி, பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்கள் 2002ஆம் ஆண்டில் இம்முறையை வகுக்க உடன்பட்டன. 2004ஆம் ஆண்டில் நோக்கியாவும் அவற்றோடு சேர்ந்து, இதனைப் பரப்புதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தின. சென்னை மெட்ரோ ரயிலில் பயணிகள் அட்டையைக் காட்டி வாயிலைக் கடப்பதும் இத்தகைய தத்துவத்தாலேயே ஆகும்.

வில்லையின் நினைவிடம் மிகச் சிறியது. பெரிதும் வழங்கும் ஒருவகை வில்லையில் 144 பைட்டு அளவே எழுதலாம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் கணினியில் பொதுவாக 3 பைட்டு கொள்ளும்; 'வடலூர்' என்னும் ஒரு சொல்லுக்கே 18 பைட்டு செலவாகும். ஆதலின் வில்லையில் நீண்ட செய்திகள் எழுதப்படுவதில்லை. ஒரு குறிப்போ அடையாள எண்ணோ போதும். அதனைப் படித்துச் செயலாற்றுவது கைப்பேசியே.

வடலூரில் ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டியுடன் அங்கு வாழ்கின்றான். அவன் கதவருகே ஒரு வில்லையை ஒட்டினான். கைப்பேசி அதனைத் தொட்டதும், வைஃபை வழியே ஒரு சிறு மின்பலகைக்கு ஆணை சென்றது. அதிலுள்ள ரிலே கூடத்து விளக்கை ஏற்றியது. 230 வோல்ட் மின்சாரம் உயிருக்கு ஊறு செய்யக்கூடியதாதலால், கம்பி இணைப்பை அவன் தானே செய்யாமல் மின்பணியாளரைக் கொண்டு செய்வித்தான். தண்ணீர் மோட்டாரையும் இவ்வாறே இயக்க அவன் விரும்பினான். மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பது. அதற்குச் சிறு ரிலே போதாது, காண்டாக்டர் வேண்டும் என்று அப்பணியாளர் அறிவுறுத்தினார்.

பாட்டிக்குக் கண் பார்வை மங்கியிருந்தது. காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் வேறுபடுத்தி அறிய அவர் இடர்ப்பட்டார். பேரன் அவர்க்கு உதவ எண்ணினான். முதலில் எவர்சில்வர் டப்பாக்களின்மேல் வில்லைகளை ஒட்டினான். அவை வாய் திறக்கவில்லை. உலோகப் பரப்பில் தோன்றும் எதிர் மின்னோட்டம் கைப்பேசியின் புலத்தை வலுவிழக்கச் செய்ததே அதற்குக் காரணம். உலோகத்தின்மேல் ஒட்டுவதற்கு ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான தகடு இடப்பட்ட வில்லையே ஏற்றது. அஃது இல்லாமையால் அவன் பிளாஸ்டிக் டப்பாக்கள் இரண்டை வாங்கி, அவற்றின் மூடிகளில் வில்லைகளை ஒட்டினான். பாட்டி கைப்பேசியை அருகே வைத்ததும், "காலை மாத்திரை", "இரவு மாத்திரை" என்று அது தமிழில் உரைத்தது. பாட்டி மகிழ்ந்தார்.

சில நாள் கழித்து டப்பாக்கள் கழுவப்பட்டபோது மூடிகள் இடம் மாறிவிட்டன. அன்றிரவு கைப்பேசி "இரவு மாத்திரை" என்று உரைத்த டப்பாவைப் பாட்டி திறந்தார். மாத்திரை விரலுக்குப் பெரிதாகத் தோன்றவே, விழுங்காமல் பேரனை அழைத்தார். அவன் பார்த்தான், அது காலை மாத்திரை. அவன் முகம் வெளிறியது.

"வில்லை பொய் சொல்லவில்லை, தம்பி. தன்னில் எழுதியதையே அது சொன்னது. தான் எதன்மேல் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது, அதைத் தெரிந்திருக்க வேண்டியவன் நீ" என்றார் பாட்டி.

அன்றே அவன் வில்லைகளை மூடியிலிருந்து பெயர்த்து, டப்பாக்களின் உடலில் ஒட்டினான். இரவு டப்பாவுக்கு ஒரு நூலைச் சுற்றி, விரலும் அறியும்படி செய்தான். பூட்டப்படாத வில்லையில் எவர் கைப்பேசியும் வேறு செய்தி எழுதக்கூடும் என்று அறிந்து, எழுதியதைப் பலமுறை சோதித்தபின் அதனைப் பூட்டினான். பூட்டிய வில்லையில் மீண்டும் எழுத இயலாதாகையால், சோதனை முன்னரே வேண்டும். வாயிற்கதவின் பூட்டை வில்லையால் திறக்கும் எண்ணத்தையும் அவன் கைவிட்டான். எளிய வில்லையின் அடையாள எண்ணைப் படியெடுத்தல் கூடும். வீட்டின் காவலை அதனிடம் ஒப்படைத்தல் தகாது.

வில்லைக்குச் சொந்த ஆற்றல் இல்லை. சொந்த அறிவும் இல்லை. அண்டியவரிடம் ஆற்றலைப் பெற்று, எழுதியவர் கருத்தை மொழிகின்றது. அதனால் விளையும் நன்மையும் தீமையும் ஒட்டிய கையையே சாரும். அணையா அடுப்பின் பெருமை அதனைக் காக்கும் கைகளுக்கு உரியதாவதைப் போல, கருவியின் பெருமையும் அதனைக் கருத்தோடு பேணுவோர்க்கே உரியதாகும்.