உப்புக் காற்றும் பழைய சிந்தசைசரும்

தூத்துக்குடியில் என் மேசைக்கு வரும் பழைய அனலாக் சிந்தசைசர்களில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது உப்புக் காற்று. உள்ளே ஐசி நன்றாகத்தான் இருக்கும். அதன் கால் சாக்கெட்டைத் தொடும் இடம், ரிப்பன் கேபிள் பின்னில் மாட்டும் இடம், ஸ்லைடர் கரித்தடத்தில் உரசும் இடம் என்று இரண்டு பொருள் தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்களில்தான் கோளாறு உட்கார்ந்திருக்கும். இத்தனை காலத்தில் நான் கற்றதைச் சுருக்கினால் இதுதான்: பாகத்தை மாற்றும் முன் இணைப்பைச் சந்தேகப்படுங்கள்.

இது துறைமுக ஊர். கப்பலில் போனவர்களும் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்களும் கொண்டுவந்த கீபோர்டுகள் கோயில் பாடகர் குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் இன்னும் இருக்கின்றன. 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ், 1982இன் ரோலண்ட் ஜூனோ-60, 1984இன் ஜூனோ-106 எல்லாம் அந்த வகை. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா நெருங்க நெருங்க, ஊரில் பூட்டிக் கிடந்த பெட்டிகளெல்லாம் வெளியே வரும். அவசரமும் கூடவே வரும். பதறாத காரியம் சிதறாது என்பதை இந்த வேலையில் தினமும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுவிட்சைப் போடாதீர்கள்

கருவி வந்ததும் முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பான் சந்தைக்குச் செய்தது 100 வோல்ட். அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட் அளவில் இருக்கும். நம் வீட்டில் வருவது 230. நேரே செருகினால் அடுத்து பேச எதுவும் இருக்காது. சில மாடல்களில் ட்ரான்ஸ்ஃபார்மர் வயரை வேறு முனைக்கு மாற்றி 230க்கு ஆக்கலாம். சர்வீஸ் மேனுவலில் படம் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் தரமான ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போதும்.

அடுத்து சீரியல் பல்பு. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கரண்ட் வரும் வழியில் தொடராக வைத்து, அதன் வழியே கருவிக்குக் கரண்ட் கொடுங்கள். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால், கெப்பாசிட்டர்கள் நிரம்பின என்று அர்த்தம். முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். வயர்மேன்கள் காலங்காலமாக வைத்திருக்கும் இந்த உபாயம் விலையுயர்ந்த கருவியையும் காப்பாற்றும். மூடியைத் திறந்த பிறகு பவர் சப்ளை பக்கம் வெறும் விரல் போகக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பல்புச் சோதனையில் தேறினால், அதை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் வோல்டேஜ்களைப் பாருங்கள். பெரும்பாலும் பிளஸ் 15, மைனஸ் 15, பிளஸ் 5 இருக்கும். இந்த மூன்றும் சரியில்லாமல் மற்ற எதையும் தேடுவது வீண் அலைச்சல்.

பேட்டரியைத் தேடுங்கள்

பாலிசிக்ஸ் உள்ளே, ஒலியமைப்புகளை நினைவில் வைக்க ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி போர்டிலேயே ஈயம் வைத்துப் பொருத்தியிருக்கும். வயதானால் அது கசியும். கசிவது காரம், சுற்றிலும் உள்ள செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பட்டன் அழுத்தினால் வேறு ஒலி வருகிறது, சேமித்தது காணோம், எல்லாம் தாறுமாறாக இருக்கிறது என்று சொன்னால் முதலில் இங்கே பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும்.

பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், காரம் அடங்கும். பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியாக ஐசோப்ரோபைல் ஆல்கஹால். காய்ந்ததும் ஒவ்வொரு தடத்தையும் மீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். அறுந்த தடத்துக்கு மெல்லிய வயர் பாலம் போடுங்கள். மறுபடி பேட்டரி போடும்போது ஒரு எச்சரிக்கை: அந்தச் சர்க்யூட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வகை. லித்தியம் காயின் செல் போடுவதானால், அதற்குள் சார்ஜ் பாயாதபடி டயோடு வைத்தே ஆக வேண்டும். செல்லைப் போர்டில் வைக்காமல், வயரில் நீட்டித் தள்ளி வையுங்கள். அடுத்த முறை கசிந்தாலும் போர்டு பிழைக்கும்.

கொண்டலும் கச்சானும்

ஒரு பாடகர் குழுத் தம்பி, ஒற்றைச் சுரம் மட்டும் வாசிக்கும் சிந்தசைசர் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, காலைப் பூசையில விரல எடுத்தப்புறம் சுருதி கீழ எறங்குது. பத்து மணிக்கு மேல சரியாயிருது" என்றார். "கொண்டல் அடிக்கிற அன்னைக்கு அதிகமா இருக்கா தம்பி?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு "ஆமா, கச்சான் அடிச்சா வரவே இல்ல" என்றார். பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது.

கொண்டல் கடலிலிருந்து ஈரம் கொண்டுவரும் காற்று; கச்சான் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்புப் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பளத்தில் வேலை செய்பவருக்கு இது புதிதல்ல. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

இந்த வகைக் கருவியில் ஒரு கட்டை அழுத்தினால், அந்தச் சுரத்துக்கான வோல்டேஜ் ஒரு சிறு கெப்பாசிட்டரில் சேமிக்கப்படும். விரலை எடுத்த பிறகும் இழுவை அதே சுருதியில் நிற்பது அதனால்தான். ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது பொதுவான கணக்கு. ஒரு ஸ்தாயியில் 12 சுரஸ்தானம். அப்படியானால் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 83 மில்லிவோல்ட்தான். ஈர உப்பு வழியே சில மில்லிவோல்ட் கசிந்தாலே காதுக்குத் தெரியும்.

ஒரு ஐசியையும் மாற்றவில்லை. அந்தக் கெப்பாசிட்டரைச் சுற்றிய பகுதியை டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, ஆல்கஹால் ஊற்றி ஈரத்தை விரட்டி, நிழலில் நன்றாகக் காயவிட்டோம். முதலில் ஆல்கஹால் மட்டும் போட்டால் பயன் குறைவு. உப்பு தண்ணீரில்தான் கரையும். இந்த வரிசையை மறக்காதீர்கள். அடுத்த கொண்டலிலும் சுருதி நின்றது.

ஒலியைப் பின்தொடருங்கள்

பல சுரம் ஒருசேர ஒலிக்கும் கருவியில் ஒரு வாய்ஸ், அதாவது ஒரு சுரத்துக்கான ஒலிப்பாதை, மட்டும் வரவில்லையென்றால் ஊகத்தில் இறங்காதீர்கள். ஒலி பிறக்கும் ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், அளவை ஏற்றி இறக்கும் ஆம்ப்ளிஃபயர், பிறகு அவுட்புட்: இதுதான் பாதை. ஒரு சின்ன ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு வயர் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்துப் பற்றவையுங்கள். அதன் தரை வயரைக் கருவியின் கிரவுண்டில் மாட்டி, மற்ற முனையால் பாதையின் நடுவே தொட்டுக் கேளுங்கள். அங்கே ஒலி இருந்தால் கோளாறு அதற்குப் பிறகு. இல்லையென்றால் அதற்கு முன். ஒவ்வொரு முறையும் பாதிப் பாதை விலகிவிடும். பவர் சப்ளையின் மின்கம்பிப் பக்கம் மட்டும் இந்த முனை போகக் கூடாது.

ஜூனோ-106இல் கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் சோதனை நிலை வரும். எந்தக் கட்டைக்கு அதன் ஆறு வாய்ஸ்களில் எது ஒலிக்கிறது என்று திரை காட்டும். அதன் 80017ஏ சிப் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். பல கருவிகளில் வாய்ஸ் செத்துப்போக அதுதான் காரணம். அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை எடுத்தால் சில சிப்கள் மீண்டுவிடும். மீளாததற்கு இன்று மாற்றுச் சிப் கிடைக்கிறது. சிப்பே குற்றவாளியாக இருக்கும் அபூர்வ இடங்களில் இது ஒன்று.

சில கட்டைகள் பேசவில்லையென்றால் கட்டையின் கீழுள்ள தொடுமுனைகளைப் பாருங்கள். கரி பூசிய ரப்பர் வகையானால், ரப்பரையும் போர்டையும் ஆல்கஹால் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கரி போய்விடும். ஸ்லைடருக்கு மின்தொடர்புக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் போடுங்கள். துருவெடுக்கும் எண்ணெய் ஸ்பிரே தூசியைப் பிடித்துச் சேறாக்கும். ஐசி சாக்கெட்டில் இருந்தால் பவரை அணைத்து, ஒரு முறை மெல்லத் தூக்கித் திரும்ப அமர்த்துங்கள். பல 'செத்த' கருவிகள் இதிலேயே எழுந்திருக்கின்றன.

சுருதி கடைசியில்

அனலாக் ஆஸிலேட்டர் சூட்டுக்கு அசையும். எல்லா வேலையும் முடித்து, மூடியைப் போட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு சுருதி சேருங்கள். காலையில் திறந்த மூடியோடு சேர்த்த சுருதி, மேடை விளக்கடியில் நிற்காது. ஜூனோ வகையில் ஆஸிலேட்டரை டிஜிட்டல் கடிகாரம் நடத்துவதால் இந்தத் தொல்லை குறைவு.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு

வாரம் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். உள்சூடு ஈரத்தை விரட்டும். கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். பருத்தித் துணியால் மூடுங்கள். பெட்டியில் வைத்தால் சிலிக்கா ஜெல் போட்டு, அதை அவ்வப்போது மாற்றுங்கள். ஹம் வருகிறதென்று எர்த் பின்னை வெட்டாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் அது உயிர் காக்கும் கம்பி.

இந்தியாவில் இந்தக் கருவிகளுக்கு வரலாறு உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை அமைத்தார். 1982இல் சரண்ஜித் சிங் ரோலண்ட் கருவிகளில் பத்து ராகங்களை இசைத்தட்டாக்கினார். நம் கடற்கரைக் கோயில்களில் கிடக்கும் பெட்டிகளும் அந்தக் காலத்தின் சாட்சிகள்தான். பழைய இரும்பென்று எடைக்குப் போடும் முன் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும், அளந்த வோல்டேஜ், கழுவிய இடம், போட்ட வயர் பாலம், பேட்டரி மாற்றிய தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து திறப்பவர் நாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். கருவியின் ஆயுள் அதனால் இன்னும் பல ஆண்டு கூடும்.